நொய்யலுக்கு ஆயக்கட்டு உண்டு, புகைக்கு இல்லை: திருப்பூர் சாயப்பட்டறை வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஜனவரி 28. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்டதற்காக, திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அத்தனையையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

நூல் வாங்கலாம், நிட்டிங் ஓட்டலாம். ஆனால் சாயத்துக்குப் போன துணி திரும்பி வராவிட்டால் கட்டிங் மேசை காலி, தையல் மெஷின் ஓடும் பவர் டேபிளில் ஆள் உட்கார்ந்து பயனில்லை, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் வரிசையாக நிற்கும். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது அடுத்த வாரத்து அரிசிப் பிரச்சினை. இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற ஊர், தன் சொந்த ஆற்றால் மாட்டிக்கொண்டது.

பொருளாதாரமா சுற்றுச்சூழலா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கொங்கு நாட்டில் இந்த வழக்கு வந்து நிற்கும். ‘கோர்ட்டு தொழிலைக் கெடுத்தது’ என்பார் ஒருவர். ‘கோர்ட்டு இல்லாவிட்டால் ஆறு செத்திருக்கும்’ என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டிலும் முக்கியமான ஒன்று விடுபட்டும் போகிறது. பதினைந்து ஆண்டு நடந்த அந்தச் சண்டையில் கொள்கை பேசிய இடம் குறைவு. செலவு யார் தலையில் என்பதுதான் கடைசிவரை நடந்த பேச்சு. இன்று கார்பன், பசுமை, நெட் ஜீரோ என்று அதே ஊருக்குள் வந்திருப்பதும் அதே பேச்சுதான். ஆனால் இந்த முறை வழக்குப் போட ஆளில்லை.

உப்பு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, சூலூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது இந்த ஆறு. மழை மறைவுப் பிரதேசத்து ஆறு. ஆண்டு முழுக்க ஓடிய வரலாறு இதற்குக் கிடையாது. சங்க காலத்திலேயே மணியும் இரும்பும் செய்து விற்ற கொடுமணல் இதன் கரையில்தான் இருக்கிறது. ஆகவே ஆற்றங்கரையில் தொழில் என்பது இங்கே புதிய சங்கதி இல்லை. புதிதாக வந்தது உப்பு.

சாயப்பட்டறை வாசலைத் தாண்டாதவர்களுக்கு இது விளங்காது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் தானாக ஏறாது. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ள உப்பு வேண்டும், சாதா உப்போ கிளாபர் உப்போ. அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 60 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அரைக் கிலோ உப்பு ஆகிறது. சாயமாவது துணியில் தங்கும். உப்பு ஒரு சிட்டிகைகூடத் தங்காது, போட்ட அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி லிட்டர் கழிவுநீர் வந்த ஊரில் ஆற்றுக்குள் எவ்வளவு உப்பு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1990-களின் கடைசியில் நீதிமன்றம் சொல்லிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன, நாற்றத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை. எடுக்கிற தொழில்நுட்பம் அவற்றில் இல்லை. தமிழ்நாட்டில் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திருப்பூர் நிலையங்கள் அந்த அளவை எட்டவே இல்லை. சிவப்பும் நீலமுமாக ஓடியது தெளிந்து ஓடவே, பார்க்கிறவனுக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருந்தது. கீழே கிணற்று மோட்டாரைப் போட்டவனுக்குத்தான் சங்கதி தெரியும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை. மழை வெள்ளத்தைத் தேக்குவதற்குப் பதிலாக மேலே இருந்து வந்த சாயக்கழிவைத் தேக்கியது. சில ஆண்டுகளிலேயே ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்த அணை நீரில் பாசன உரிமை உள்ளவர்கள், ‘தண்ணீர் திறந்துவிடாதீர்கள்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். பாசன அணையின் மதகைத் திறக்காதே என்று விவசாயி கேட்ட இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. தேங்கிய நீர் நிலத்தடிக்குள் இறங்கியது. சுற்றியிருந்த கிணறுகள் உவர்ப்பாயின. தென்னை குருத்துக் காய்ந்தது. மாட்டுக்குக் குடிநீரை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

பங்காளிகள்

வழக்குப் போட்டவர்கள் கடைமடைக்காரர்கள். 1996-லேயே கரூர்ப் பக்கத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பிறகு நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் வழக்கைக் கையில் எடுத்துக் கடைசிவரை நடத்தியது. இவர்களை யாரும் பசுமைப் போராளி என்று அப்போது சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. என் கிணறு, என் வயல், என் பாசன உரிமை என்றார்கள். சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அரசியலுக்குத்தான் அது தலைவலி. கொங்கு மண்ணில் விவசாயி வேறு, முதலாளி வேறு என்று கோடு கிழிக்க முடியாது. தோட்டத்தை விற்று, அல்லது கிணறு வற்றியபின் விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து பட்டறை வைத்தவர்கள் ஏராளம். மேற்கே சாயம் போட்டவரும் கிழக்கே தென்னை காய்ந்தவரும் ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற பங்காளிகள், அல்லது மாமன் மச்சான். எந்தக் கட்சி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தன் வீட்டு ஓட்டில் பாதி போகும். ஆகவே இரண்டு பெரிய கட்சிகளுமே இரண்டு கரைக்கும் தலையாட்டின. முடிவெடுக்கிற பாரத்தை நீதிமன்றத்தின் மேல் இறக்கிவைத்தால் பழி தங்கள் மேல் வராது என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குதான், பதினைந்து ஆண்டு பலித்தது.

கொங்கு விவசாயிக்குக் கட்சிகளை நம்பாத பழக்கம் முன்பே உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்று வாக்குச்சீட்டைப் புத்தகமாக்கியது இதே வட்டாரத்து விவசாயிகளின் எதிர்ப்புதான். நாடு சிரித்தது. சின்னம் தேடித் தேர்தல் ஆணையம் திணறியது.

பைசாக் கணக்கு

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு 2007 ஜூலைக்குள் மாற வேண்டும், அதுவரை விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 8, 10 என்று ஏறும் அபராதம் கட்ட வேண்டும். எனக்கு இந்த வழக்கிலேயே சுவையான இடம் இதுதான். பத்து பைசா என்றால் ஆயிரம் லிட்டருக்கு நூறு ரூபாய். ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் சுத்திகரித்தால் லிட்டருக்கு 20 பைசா அளவில் ஆகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு, சில இடத்தில் அதற்கும் மேல். கெடுவை நம்பாத ஒரு வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பான்? அபராதம் கட்டினால் பாதிச் செலவு மிச்சம். அவனைக் கெட்டவன் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பக்கத்துப் பட்டறை அபராதம் மட்டும் கட்டிக்கொண்டு கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துச் சாயக்கூலி சொல்லும்போது, ஒழுங்காகச் சுத்திகரிக்கிறவன் ஆர்டரை இழப்பான். கெட்டிக்காரத்தனமும் நேர்மையும் எதிரெதிரே நிற்கும்படி வைத்தது அந்த அபராத விகிதம்.

மறுபக்கத்துக் கணக்கையும் பார்க்கலாம். பாதிப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2004-ல் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரம்கூட வராது. ஒரு போர் போடுகிற செலவுக்குக் காணாது. அதைக் கையில் வாங்கவும் அலைய வேண்டியிருந்தது.

சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்து, மூன்று மாதம் அவகாசம் தந்தது. மூன்று மாதம் ஓராண்டைத் தாண்டியது. அதன் பிறகுதான் முதல் பத்தியில் சொன்ன உத்தரவு.

மூடிய பிறகு நடந்தது

துணி வேறு ஊர்களுக்கு லாரி ஏறியது. உரிமம் இல்லாத பட்டறைகள் நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் முளைத்தன. இரவில் காவிரிக்குள்ளும் ஓடைக்குள்ளும் குழாய் நீட்டின. ஒரு ஆற்றுக்குப் போட்ட தடை இன்னொரு ஆற்றுக்குச் சுமையாகும் என்பதை அந்த ஒரே ஆண்டில் பார்த்துவிட்டோம். தடையை எதிர்க்கிறவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அதற்கான விடை தடையை விலக்குவது ஆகாது. தடை ஒரே ஊருக்கு மட்டும் இருந்ததே குறை.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக ஒதுக்கியது. அருள்புரம் நிலையத்தில் கழிவு உப்புநீரைச் சுத்தப்படுத்தித் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறையைச் சோதித்தார்கள். அது ஓடியது. ஒவ்வொரு நிலையமாகச் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி பெற்று, படிப்படியாகத் தொழில் திரும்பியது. இன்று தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் பட்டறைக்கே திரும்புகிறது. நிலையத்துக்கு நிலையம் தரம் வேறுபடும், மழைநாளில் நொய்யலில் நுரை பார்க்கிற நாள் இன்றும் உண்டு. ஆனாலும் 2005-ல் இந்த ஆற்றைப் பார்த்தவர் எவரும் இப்போது உள்ளது முன்னேற்றம் இல்லை என்று சொல்லமாட்டார்.

தொழில் அழியவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். 2024-25 நிதியாண்டில் திருப்பூர் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். ‘மூடினால் ஊரே காலி’ என்ற 2011-ன் பேச்சு பலிக்கவில்லை. சிறிய பட்டறைகள் பல திரும்ப எழவில்லை என்பதும் உண்மை. கடனைத் தாங்கியவர்கள் வளர்ந்தார்கள், தாங்காதவர்கள் இடத்தை விற்றார்கள் அல்லது பெரிய பட்டறையில் மாஸ்டராகச் சேர்ந்தார்கள். ஊரின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

விறகு

ஜீரோ டிஸ்சார்ஜ் என்பது தண்ணீருக்கு மட்டும்தான் ஜீரோ. ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்த பின் அடியில் நிற்கிற செறிந்த உப்புநீரைக் கொதிக்க வைத்துத்தான் உப்பைப் பிரிக்க வேண்டும். எவாப்பரேட்டர் என்பார்கள். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. தென்மாவட்டத்துச் சீமைக் கருவேலம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. எந்த மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததோ அதே மரம் இன்னொரு உயர் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற இங்கே எரிகிறது. ஆர்.ஓ. பம்புகளுக்கும் எவாப்பரேட்டருக்கும் ஆகிற மின்சாரம் தனி. நம் மின்தொகுப்பில் பெரும்பகுதி நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் பின்பக்கம் போனால் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று பாய்லர் வாயருகே அடுக்கிய விறகு. இன்னொன்று கூரைக்குக் கீழே மூட்டை மூட்டையாக மிக்ஸட் சால்ட், பழுப்பேறிய ஈர உப்பு. சாயத்துக்கும் உதவாது, சமையலுக்கும் உதவாது, எடுத்துக்கொள்ள ஆள் தேடி நிற்கிறது. மழை பட்டால் கரைந்து பழையபடி ஆற்றுக்குப் போய்விடும் என்பதால்தான் அந்தக் கூரை.

ஆற்றைக் காப்பாற்றிய செலவில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக மேலே போகிறது. இதைச் சொன்னால் ‘அப்ப ஆத்துலயே உட்டுருக்கலாமுங்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதுவல்ல நான் சொல்வது. ஆற்றுக்கு ஆயக்கட்டு இருந்தது; பாதிக்கப்பட்டவர் யார், எத்தனை ஏக்கர், எந்தக் கிணறு என்று பட்டியல் போட முடிந்தது. புகைக்கு அப்படிக் கடைமடை கிடையாது. வெயில் ஏறுவதற்கும் பருவமழை தப்புவதற்கும் திருப்பூர்ப் பாய்லரைக் காட்டி எந்த விவசாயியும் வழக்குப் போட முடியாது. விறகு மறுபடி வளரும் என்பதால் கார்பன் கணக்கு முறைகளில் விறகுப் புகையை முக்கியக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டச் சொல்கிறார்கள். நிலக்கரிப் பாய்லரை விறகுக்கு மாற்றினால் காகிதத்தில் பட்டறை பசுமையாகிவிடும். பாய்லர் முன் நிற்கிற வடமாநிலத்துப் பையனுக்குப் புகை அதேதான்.

விறகுக்கு மாற்றாகக் குழாய் எரிவாயு வந்திருக்கலாமே என்று கேட்கலாம். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் போடவிருந்த குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட ஏழு மாவட்டத்து விளைநிலம் வழியாகப் போவதாக இருந்தது. 2013-ல் விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் போடச் சொன்னது மாநில அரசு. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும் வயலில் குழி தோண்டுவது லேசாக இருக்கவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்பாதைக்கும் இதே கதை. 2018-ல் கோபுரம் நடுவதை எதிர்த்துத் தோட்டங்களில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாயக்கழிவை எதிர்த்தது எந்த நியாயமோ, அதே நியாயம்தான் இவற்றிலும்: என் நிலத்தின் மேல் அடுத்தவன் லாபத்தின் செலவை ஏற்றாதே. சூழலுக்கு விவசாயிதான் இயற்கையான காவலன் என்று நகரத்துக் கட்டுரைகளில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவன் தன் காட்டுக்குக் காவலன். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

மின்கட்டணம்

காலநிலை அரசியல் கொங்கில் நேரடியாக வெடிக்கிற இடம் மின்கட்டணம். இதற்கும் பழைய வேர் உண்டு. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின்கட்டணத்தை எதிர்த்த விவசாயிகள் மூவர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த அந்தப் போராட்டத்தின் நீட்சியாகத்தான் 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. விசைத்தறிக்கும் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இவற்றில் கைவைத்து இந்த மண்ணில் யாரும் ஓட்டுக் கேட்க முடியாது.

மின்வாரியத்தின் நஷ்டப் பள்ளம் ஆழமாகவே, 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது; நிலைக்கட்டணம், உச்ச நேரக் கூடுதல் கட்டணம் என்று சிறுதொழிலின் மேல் வந்து விழுந்தது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு, குறுந்தொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. அப்போது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கூரையில் போட்ட சோலாரில் தாங்களே உற்பத்தி செய்து தாங்களே பயன்படுத்தும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் வாங்குவதை நிறுத்துங்கள் என்பது.

இங்கே வேஷம் மாறிப்போவதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான கதையில் தொழில்தான் பசுமைக்கு எதிரி, அரசு காவலன். இந்த ஊரில் பனியன் கம்பெனிக்காரர் சோலார் போடத் துடிக்கிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், பொங்கலூர் பக்கம் காற்றாலை நட்டவர்களில் பெரும்பங்கு நூற்பாலைகள்தான். உபயோகம் குறைந்தால் வருமானம் போகுமே என்று கையைப் பிசைவது மின்வாரியம். வாரியத்தின் பயத்திலும் நியாயம் உண்டு. கட்டணம் கட்டுகிற தொழிற்சாலைகள் எல்லாம் கூரைக்குப் போய்விட்டால் தோட்டத்து மோட்டாருக்கு யார் பணத்தில் இலவச மின்சாரம் ஓடும்?

பார்ட்டி

ஆயக்கட்டுதாரர் இல்லாத இடத்தில் இப்போது கேள்வி கேட்பது வெளிநாட்டுப் பார்ட்டிகள், அதாவது ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிற நிறுவனங்கள். சுற்றுச்சூழல் கணக்குக் கேட்கும் ஹிக் படிவத்தை நிரப்பு, எரிபொருள் கணக்குக் கொடு, இத்தனை ஆண்டுக்குள் இத்தனை சதவீதம் குறை. படிவம் எப்போதும் ஜரூராக வரும், அதற்கான விலை மட்டும் வராது. இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு ஐரோப்பா போடும் எல்லை வரியில் ஜவுளி இன்னும் இல்லை. விநியோகச் சங்கிலி முழுவதற்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்க 2024-ல் அவர்கள் நிறைவேற்றிய சட்டத்தை, தங்கள் தொழில்கள் போட்டியில் பின்தங்கும் என்று சொல்லி 2025-லேயே தள்ளிப்போட்டார்கள். ‘வேலை போகும்’ என்ற 2011-ன் திருப்பூர்ப் பேச்சை ஐரோப்பாவின் தலைநகரில் கோட்டு சூட்டுடன் பேசியதைப் படித்தபோது, நம் ஊர்ச் சங்கக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்றுமதியை அங்கே அனுப்புகிற ஊரில் பாய்லர் மாற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆர்டரைத் தக்கவைக்கத் தள்ளுபடி எவ்வளவு தரலாம் என்பதே பேச்சு. பங்களாதேஷ் பட்டறைக்கு இந்த ஜீரோ டிஸ்சார்ஜ் செலவு இல்லையே என்ற பழைய குறையும் கூடவே எழுந்தது.

என் கருத்தில், 2011-ல் வேலை செய்தது இரண்டு. தப்பிக்க வழியில்லாத கெடு ஒன்று, செலவில் அரசு தோள் கொடுத்தது இன்னொன்று. கெடு மட்டும் இருந்த 2007-லும் ஒன்றும் நடக்கவில்லை, உதவி மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. இப்போது கெடுவை வைக்கிறவன் கடல் கடந்து இருக்கிறான், அவன் நினைத்தால் தளர்த்திக்கொள்வான். தோள் கொடுக்க வேண்டிய அரசோ கூரை சோலாருக்குக் கட்டணம் வாங்குகிறது. முதலில் செய்யக்கூடியது அந்தக் கட்டணத்தை விடுவது. அதோடு, பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு நீராவிச் செலவைக் குறைக்கும் இயந்திரங்களுக்கென்று 2011 மாதிரியே வட்டியில்லாக் கடன் தரலாம். மூன்றாவது பங்கு பார்ட்டியுடையது: சாயக்கூலி பில்லில் சுத்திகரிப்புச் செலவும் நீராவிச் செலவும் தனி வரியாக ஏறி, அது ஆர்டர் விலைவரை போக வேண்டும். கேட்கத் துணிகிற முதல் கம்பெனி ஆர்டரை இழக்கும் என்பதால், சங்கங்கள் சேர்ந்து கேட்டாலொழிய இது நடக்காது. சாயப்பட்டறைக்காரரும் ஏற்றுமதியாளரும் கூலி விஷயத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எப்படி எழுந்து போவார்கள் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும்.